ஆகாரச் சங்கிலியில் குறையும் சக்தியும் குறையாத விஷமும்

நெல் நடப்பட்ட வயலொன்றில் வாழும் ஜீவராசிகளைக் கணக்கெடுக்கப் புகுந்தால், பயிர் அவற்றுள் ஒன்று மாத்திரமே என்பது விளங்கும். பயிரின் சாற்றை உறிஞ்சித் தத்துப்பூச்சி பிழைக்கின்றது. தத்துப்பூச்சியைச் சிலந்தியும், சிலந்தியைத் தவளையும், தவளையைத் தண்ணீர்ப் பாம்பும், பாம்பைப் பருந்தும் உண்கின்றன. இவற்றை விவசாயிகள் நாள்தோறும் தனித்தனியே காண்கின்றனர். ஆயினும், இவை யாவும் ஒரே கோவையில் கட்டுண்டவை என்பதையும், அக்கோவையின் ஒரு முனையில் இடப்படும் பொருள் மறுமுனையில் எவ்வடிவிற் போய்ச் சேர்கின்றது என்பதையும் கவனிப்போர் சிலரே. இக்கோவைக்கு ஆகாரச் சங்கிலி என்று பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் எல்டன் என்னும் பிராணி சாஸ்திரி 1927-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதனை விரிவாக எடுத்துரைத்த பின்னரே இவ்விஷயம் ஆராய்ச்சியாளரிடையே பெருவழக்கிற்கு வந்தது.

இச்சங்கிலி வழியே இரண்டு பொருள்கள் செல்கின்றன. ஒன்று, உயிர்கள் வாழ்வதற்கு வேண்டிய சக்தி. மற்றொன்று, நிலத்திலும் நீரிலும் மனிதன் இடுகின்ற விஷப்பொருள்களுட் சில. முன்னது கண்ணிக்குக் கண்ணி குறைந்துகொண்டே போகின்றது. பின்னது கண்ணிக்குக் கண்ணி செறிந்துகொண்டே போகின்றது. வழி ஒன்றாயிருக்கப் பலன் இவ்வாறு நேர்மாறாயிருப்பதன் காரணமும், அதனால் நிலமுடையோருக்கு நேரும் நஷ்டமும் ஈண்டு விளக்கப்படும்.

சக்தி செல்லும் விதம்

எல்லா ஆகாரத்திற்கும் மூலம் சூரிய வெளிச்சம். பச்சிலையானது அவ்வெளிச்சத்தின் உதவியால் நீரையும், காற்றிலுள்ள கரியமில வாயுவையும் சேர்த்து மாவுப்பொருளாகச் சமைத்துக்கொள்கின்றது. வயலின்மேல் விழும் வெளிச்சம் முழுவதும் இவ்வாறு பயன்படுவதில்லை. நன்கு எருவிட்டுப் பேணிய பயிரும் நூறு பங்கில் ஏறக்குறைய ஒரு பங்கையே தன் உடலிற் சேமிக்கின்றது. எஞ்சியது சூடாக மாறியும், இலைமேற்பட்டுத் திரும்பியும் கழிந்துவிடுகின்றது. அந்த ஒரு பங்கைக் கொண்டுதான் வயலிலுள்ள மற்றெல்லா உயிர்களும், வயலுக்கு உடையவனும் காலங் கழிக்க வேண்டியிருக்கின்றது.

அடுத்த கண்ணியில் நடப்பதை அறிதற்கு உழவுமாட்டைப் பார்த்தாலே போதும். ஓர் எருது ஓராண்டில் தின்னும் வைக்கோலும் பசும்புல்லும் பல வண்டிப் பாரமாகும். ஆனால் அவ்வாண்டின் முடிவில் அதன் உடலிற் கூடிய எடை மிகச் சிறிதே. தின்றதில் ஒரு பகுதி செரியாமற் சாணமாக வெளியேறுகின்றது. செரித்ததிற் பெரும்பகுதி மூச்சுவிடவும், உடற்சூட்டைக் காக்கவும், ஏர் இழுக்கவும் செலவாகின்றது. எஞ்சும் சிறு பகுதியே சதையாகின்றது. வெட்டுக்கிளிக்கும் தவளைக்கும் பாம்புக்கும் இதே நியாயந்தான். உண்டது முழுவதும் உடலாக நிற்பதில்லை.

இச்செலவு எவ்வளவு என்பதை முதன்முதலில் ஒழுங்காகக் கணக்கிட முயன்றவர் அமெரிக்க தேசத்தினரான ரேமண்ட் லிண்டமன் என்பவர். மினசோட்டா மாகாணத்திலுள்ள சீடர் பாக் என்னும் சிற்றேரியிற் பல ஆண்டுகள் உழைத்து, நீர்த்தாவரம் முதல் மாமிச பட்சிணிகள் வரையில் ஒவ்வொரு படியிலும் தங்கும் சக்தியை அவர் அளந்தார். அவருடைய முடிவுகள் 1942-ஆம் ஆண்டில் வெளியாயின. அதே ஆண்டில், அக்கட்டுரை அச்சில் வருமுன்னரே, 26 வயதில் அவர் காலமானார். அவ்வேரியில் தாவரங்கள் சேர்த்த சக்தியில் நூற்றுக்கு 13.3 பங்கு தாவர பட்சிணிகளையும், அவற்றினின்று நூற்றுக்கு 22.3 பங்கு அவற்றை உண்பனவற்றையும் அடைந்ததாக அவர் கண்டார். வேறு இடங்களில் வேறு கணக்குகள் கிடைத்துள்ளன. எல்லாவற்றையும் ஒருங்கே நோக்கிப் பத்தில் ஒரு பங்கே மேற்படிக்குச் செல்கின்றது என்று பொதுவாகச் சொல்லுவது வழக்கம். இது ஒரு கைக்கணக்கேயன்றி எவ்விடத்தும் மாறாத விதியன்று.

அக்கைக்கணக்கின்படி பார்த்தால், 1,000 கிலோ பசுந்தழை 100 கிலோ வெட்டுக்கிளிகளையும், அவை 10 கிலோ தவளைகளையும், அவை 1 கிலோ பாம்பையும் போஷிக்கும். அந்தப் பாம்பைக் கொண்டு பருந்தின் உடலிற் சேர்வது 100 கிராம் மாத்திரமே. வயல்வெளியில் தவளைகள் எண்ணிறந்தனவாயிருக்கப் பருந்து ஒன்றிரண்டே வட்டமிடுவதன் காரணம் இதுதான். மேற்படியிலுள்ள பிராணி தொகையிற் குறைந்தும், நெடுந்தூரம் அலைந்து இரைதேடுவதாயும், வருஷத்திற் சில குஞ்சுகளே பொரிப்பதாயும் இருக்கும். ஆகாரச் சங்கிலி பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து கண்ணிகளுக்குமேல் நீளாததும் இதனாலேயே. அதற்கப்பாற் பிழைப்பதற்குச் சக்தி எஞ்சுவதில்லை.

உயிரோடிருக்கும் தாவரத்தை உண்பதால் மட்டுமே சக்தி நகர்வதாக எண்ணலாகாது. அறுவடைக்குப்பின் நிற்கும் தாள், உதிர்ந்த இலை, இட்ட தொழு எரு ஆகியவற்றைப் பூசணங்களும் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் உண்கின்றன. அவற்றை உண்ணக் கொக்கும் மைனாவும் ஏர்ச்சாலின் பின்னே வருகின்றன. மக்கிய பொருளின் வழியாகச் செல்லும் இச்சங்கிலி, நிலத்தின் வளத்தைப் பொறுத்தவரையில் முற்கூறியதைவிட முக்கியமானது. எனினும் இங்கு எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு இரண்டும் ஒன்றே.

விஷம் ஏன் குறைவதில்லை

கருப்பஞ்சாற்றைக் கொப்பரையிலிட்டுக் காய்ச்சும்போது நீர் ஆவியாகப் போய்ச் சாறு வற்றுகின்றது. சாற்றில் உப்புக் கலந்திருந்தால் அவ்வுப்பு ஆவியாவதில்லை. கொப்பரை நிறைய இருந்த சாற்றின் உப்பு முழுவதும் அடியில் வற்றி நிற்கும் பாகில் வந்து தங்கிவிடுகின்றது. உவர்நிலத்துக் கரும்பினின்று எடுத்த வெல்லம் கரிப்பதை ஆலையிடுவோர் அறிவர். ஆகாரச் சங்கிலியில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. உயிர்களின் உடலில் எரிந்து போவது ஆகாரம். எரியாமல் நிற்பது விஷம். பத்து கிலோ இரை ஒரு கிலோ உடலாகக் குறையும்போது, அப்பத்து கிலோவிலும் பரவியிருந்த விஷம் அந்த ஒரு கிலோவில் வந்து குவிகின்றது.

எல்லா விஷமும் இவ்வாறு குவிவதில்லை. அதற்கு மூன்று குணங்கள் ஒருங்கே அமைந்திருத்தல் வேண்டும். முதலாவது, வெயிலாலும் நுண்ணுயிர்களாலும் எளிதிற் சிதையாமல் நீண்டநாள் நிலைத்தல். இரண்டாவது, உடலின் கல்லீரல் முதலிய கருவிகளாற் சிதைக்கப்படாமலிருத்தல். மூன்றாவது, நீரிற் கரையாமற் கொழுப்பிற் கரைதல். நீரிற் கரையும் பொருள் சிறுநீரோடு வெளியேறிவிடும். கொழுப்பிற் கரைவதோ உடலின் நிணத்தில் ஒளிந்து ஆண்டுக்கணக்காகத் தங்கும். டி.டி.டி. முதலிய குளோரின் சேர்ந்த பூச்சிமருந்துகள் பலவற்றிற்கும் இம்மூன்று குணங்களும் உண்டு. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் தன்மையை 1939-ல் கண்டறிந்த பால் முல்லர் என்னும் சுவிட்சர்லாந்து ரசாயன சாஸ்திரிக்கு 1948-ல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. ஒருமுறை தெளித்தால் நெடுங்காலம் நிற்கும் என்பதே அம்மருந்தின் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது. அச்சிறப்பே பின்னர்க் கேடாக முடிந்ததைக் கீழ்வரும் வரலாற்றால் அறியலாம்.

ஓர் ஏரியின் வரலாறு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரத்திற்கு வடக்கே மலைகளிடையே கிளியர் ஏரி என்னும் ஆழமில்லாத பெரிய ஏரி ஒன்று உளது. அம்மாகாணத்திற்குள் முழுதும் அடங்கிய இயற்கையான நன்னீர் ஏரிகளுள் இதுவே பெரிது. மீன்பிடிக்கவும் கோடையைக் கழிக்கவும் அங்குப் பலர் வருவர். கொசுவைப் போன்ற, ஆனாற் கடிக்காத ஒரு சிறு பூச்சி அவ்வேரியிற் கணக்கின்றிப் பெருகி, மாலை வேளைகளில் விளக்கைச் சூழ்ந்து வருவோரைத் தொல்லைப்படுத்தியது. இதனால் ஒருவருக்கும் நோய் வந்ததில்லை. வீடுகட்டி வாழ்வோருக்கும் விடுதி நடத்துவோருக்கும் அசௌகரியம் மாத்திரமே. அதனைப் போக்கவேண்டி, டி.டி.டி.யின் நெருங்கிய இனமாகிய, அதனினும் ஒரு குளோரின் அணு குறைந்த மருந்தொன்றை நீரிற் கலக்கத் தீர்மானித்தனர். மீன்களுக்கு டி.டி.டி.யைவிட இது சாது என்பதனால் இதனைத் தேர்ந்தெடுத்தனர். இத்தேர்வு அஜாக்கிரதையாகச் செய்யப்பட்டதென்று சொல்வதற்கில்லை.

1949-ல் முதன்முறை மருந்து இடப்பட்டது. அளவு, 7 கோடி பங்கு நீருக்கு 1 பங்கு. பூச்சி பெரும்பாலும் அழிந்தது. மீனுக்கு ஒன்றும் நேரவில்லை. சில ஆண்டுகளிற் பூச்சி மறுபடியும் தலைகாட்டவே, 1954-லும் 1957-லும் 5 கோடிக்கு 1 பங்காகச் சற்றே கூட்டி இட்டனர். இது 50,000 லிட்டர் நீருக்கு 1 கிராம் என்ற அளவாகும். இவ்வளவு நீர்த்த மருந்தால் தீங்கு நேருமென்று யாருக்குத் தோன்றும்?

அவ்வேரியில் மேற்கத்திய முக்குளிப்பான் என்னும் பெரிய நீர்ப்பறவை கூட்டங்கூட்டமாகக் கூடுகட்டி வாழ்ந்து வந்தது. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் மூழ்கி மூழ்கி எழும் சிறு முக்குளிப்பானுக்கு அது உறவு. மீனே அதற்கு ஆகாரம். 1954-ஆம் ஆண்டு இரண்டாம் முறை மருந்திட்ட பின்னர் வந்த குளிர்காலத்தில் அப்பறவைகளில் நூறு இறந்து மிதந்தன. தொற்றுநோயோ என்று ஐயுற்றுச் சோதித்தனர். நோயின் அடையாளம் ஒன்றுமில்லை. 1957-ல் மூன்றாம் முறை மருந்திட்ட பின்னரும் அவ்வாறே பறவைகள் மடிந்தன. அப்போதுதான் இறந்த பறவையின் கொழுப்பை எடுத்து ரசாயன சோதனை செய்யவேண்டுமென்ற எண்ணம் ஒருவருக்கு உதித்தது. கொழுப்பில் 10 லட்சம் பங்குக்கு 1,600 பங்கு மருந்து இருந்தது. நீரில் இட்ட அளவோ 10 லட்சத்திற்கு 0.02 பங்கு. அதாவது, நீரிலிருந்ததைப்போல் 80,000 மடங்கு.

பின்னர் ஏரியின் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக ஆராய்ந்தனர். நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் 10 லட்சத்திற்கு ஏறக்குறைய 5 பங்கு மருந்து காணப்பட்டது. இந்த முதற்படி உண்பதால் மாத்திரம் நேர்ந்ததன்று. நீரில் நிற்க விரும்பாத மருந்து அவற்றின் உடலிலுள்ள எண்ணெய்ப் பசையை நேரே பற்றிக்கொண்டது. நுண்ணுயிர்களையும் தாவரங்களையும் உண்ணும் மீன்களின் கொழுப்பில் 40 முதல் 300 பங்கு வரையிலும், மீனைத் தின்னும் மீன்களில் அதற்கு மேலும் இருந்தது. கெளுத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மீனில் 2,500 பங்கு இருந்தது. இவை கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்த கணக்கு. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் அளவு குறையும் என்பதை மறத்தலாகாது. எனினும் படிக்குப் படி ஏறியதில் ஐயமில்லை.

இவற்றினும் வியப்பானது மற்றொன்று. மருந்திட்ட சிறிது காலத்திற்குப் பின் ஏரித் தண்ணீரை மொண்டு சோதித்தால் மருந்தே காணப்படவில்லை. தண்ணீர் சுத்தமென்று எவரும் சான்று கொடுத்திருக்கக் கூடும். மருந்து நீரைவிட்டு நீங்கியது உண்மையே. ஆனால் ஏரியைவிட்டு நீங்கவில்லை. நுண்ணுயிரினின்று மீனுக்கும், மீனினின்று பறவைக்கும், இறந்த உடல்களினின்று மீண்டும் நுண்ணுயிருக்குமாக அது தலைமுறை தலைமுறையாகக் கைம்மாறிக்கொண்டிருந்தது. மருந்திடுமுன் 1,000 ஜோடிக்கு மேல் கூடுகட்டிய அவ்வேரியில் 1960-ல் ஏறக்குறைய 30 ஜோடிகளே எஞ்சின. அவையும் குஞ்சு பொரிக்கவில்லை. பூச்சியோ மருந்தை எதிர்த்து நிற்கும் வலிமை பெற்று மீண்டும் பெருகியது.

அமெரிக்காவில் டி.டி.டி.யின் விவசாய உபயோகம் 1972-ல் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் அது 1989-லும், பி.எச்.சி. 1997-லும், எண்டோசல்பான் 2011-லும் விலக்கப்பட்டன. ஆகவே இது பழங்கதையென்று சிலர் கருதலாம். விலக்கப்பட்டவை சில மருந்துகளே, சங்கிலி விலக்கப்படவில்லை. இன்றும் வேறு பல பொருள்கள் அதன் வழியே செல்கின்றன. அவற்றுட் சிலவற்றை நிலமுடையோர் தம் கையாலேயே இடுகின்றனர்.

எலிப்பாஷாணமும் மாட்டு மருந்தும்

வயலெலிகளைக் கொல்வதற்கு விற்கப்படும் புரோமடியோலோன் முதலிய மருந்துகள் இரத்தம் உறையாமற் செய்து கொல்பவை. தின்றவுடன் எலி இறப்பதில்லை; சில நாட்கள் சோர்ந்து திரிந்த பின்னரே இறக்கும். அந்நாட்களில் மீண்டும் மீண்டும் அம்மருந்தையே தின்பதும் உண்டு. ஓட இயலாமல் வெளியிற் கிடக்கும் எலியைக் கூகை எளிதிற் பிடிக்கின்றது. எலியின் ஈரலிற் சேர்ந்த மருந்து கூகையின் ஈரலிற் போய் நெடுநாள் தங்குகின்றது. பல எலிகளைத் தின்ற கூகை, காயம் சிறிதேனும் பட்டால் இரத்தம் நில்லாமல் இறக்கின்றது. எலி ஆண்டில் பலமுறை ஈனும், கூகை அவ்வாறன்று. ஆதலால் மருந்து வைத்த மறுபருவத்தில் எலி திரும்பி வருகின்றது, கூகை வருவதில்லை. விலைகொடுத்து வாங்கிய மருந்தால் விலையின்றி உழைத்த காவலாளியை இழந்ததே மிச்சம்.

பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் கதை இதனினும் கொடியது. ஊர்ப்புறத்தில் இறந்த மாட்டைச் சில நாழிகைகளில் எலும்பாக்கிவிடும் அப்பறவைகள் 1990-களில் இந்தியா முழுவதிலும் திடீரென்று மறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையே நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்துபட்டது. நோயுற்ற மாடுகளுக்கு வலியும் வீக்கமும் தணியப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004-ல் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இம்மருந்து டி.டி.டி.யைப்போற் கொழுப்பில் தங்குவதன்று. மாட்டின் உடலினின்று சில நாட்களில் நீங்கிவிடும். ஆயின், ஊசி போட்டு உடனே இறந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் கெட்டு அவை மடிந்தன. இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இவ்வழிவுக்குப் போதும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஏனெனில் ஒரு மாட்டின்மேல் ஒரு பெருங்கூட்டமே இறங்கி உண்ணும். சங்கிலியின் உச்சியிலிருப்பவை தொகையிற் சிறியன என்று முன்னே கூறியது இங்கு நினைவுகூரத்தக்கது. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை அவ்விழப்பை ஈடுசெய்தல் எளிதன்று.

மாட்டு வைத்தியத்திற்கு இம்மருந்து 2006-ல் தடுக்கப்பட்டது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் என்னும் வேறிரண்டும் 2023-ல் தடுக்கப்பட்டன. மெலாக்சிகாம் என்பது பாறுகளுக்குத் தீங்கு செய்யாததென்று சோதித்து அறியப்பட்டுள்ளது. நீலகிரி மாவட்டத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இப்பறவைகள் இன்னும் கூடுகட்டுகின்றன. அப்பக்கத்துக் கிராமங்களில் மாடு வைத்திருப்போர் மனிதருக்குரிய ஊசிமருந்தை மாட்டுக்குப் போடாமலிருப்பதும், எந்த மருந்து தரப்படுகின்றதென்று கால்நடை வைத்தியரைக் கேட்டறிவதும் அவசியம்.

மனிதனும் ஒரு கண்ணியே

பருந்துக்கும் பாறுக்கும் நேர்வது மனிதனுக்கு நேராதென்று எண்ண இடமில்லை. மீனும் முட்டையும் பாலும் நெய்யும் உண்ணும் மனிதன் சங்கிலியின் மேற்படியிலேயே இருக்கின்றான். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடற்கரை ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரையில் பாதரசம் கலந்த கழிவைக் குடாவில் விட்டது. பாதரசம் நஞ்சு மிகுந்த வேறொரு வடிவத்தில் மீன்களின் சதையிற் சேர்ந்தது. முதலில் மீன்தின்ற பூனைகள் ஆடி விழுந்து இறந்தன. பின்னர்ச் செம்படவர் குடும்பங்களில் கைகால் நடுக்கமும், பார்வைக் குறைவும், மரணமும் உண்டாயின. 1956-ல் இந்நோய் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. நோயின் அடையாளம் அதிகமின்றியிருந்த தாய்மாருக்குங்கூட ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தன; விஷம் கருவிலிருந்த சிசுவைப் போய்ச் சேர்ந்திருந்தது.

தொழிற்சாலை இல்லாத ஊர்களுக்கு மாட்டுக்கொட்டிலே போதிய எடுத்துக்காட்டு. கொழுப்பிற் கரையும் மருந்து தெளித்த வைக்கோலையோ வரப்புப் புல்லையோ தின்ற பசுவுக்கு அம்மருந்து வெளியேறும் முக்கிய வழி பாலே. பாலைக் கடைந்து வெண்ணெயும் நெய்யும் ஆக்கும்போது கொழுப்போடு அதுவும் சேர்ந்து திரளுகின்றது. டி.டி.டி.யும் பி.எச்.சி.யும் வழங்கிய காலத்தில் இந்தியாவிற் பரிசோதிக்கப்பட்ட பாலில் அவை காணப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகையான் காட்டிய கணக்கு

பறவைகளின் அழிவைப் பெரிதாகக் கருதாதவரும் நெல்லின் கணக்கைக் கவனித்தல் வேண்டும். புகையான் என்னும் தத்துப்பூச்சி நெற்பயிரின் அடித்தூரில் கூட்டமாயமர்ந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைப் புகைந்ததுபோற் கருக்கிவிடும். அதனை உண்பவை ஓநாய்ச் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி முதலியன. ஒரு சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடிக்கும். மருந்து தெளிக்கும்போது இரண்டும் சாகின்றன. ஆனால் புகையானின் முட்டை இலையுறைக்குள் செருகப்பட்டிருப்பதால் தப்பிவிடுகின்றது. பொரித்து வரும் குஞ்சுக்கு ஆகாரமாகிய பயிர் அப்படியே நிற்கின்றது. சிலந்திக்கோ ஆகாரம் முதலில் திரும்பி வந்தபின்னரே தான் திரும்பி வர இயலும். அன்றியும் மேற்படியிலுள்ளதாகையால் அதன் தொகை ஆதியிலேயே குறைவு. இவ்விடைக்காலத்தில் புகையான் தடையின்றிப் பெருகி முன்னிலும் பன்மடங்காகின்றது. மருந்து தெளித்த வயலே முதலிற் கருகக் கண்டு, மருந்து போதவில்லையென்று மேலும் தெளிப்போர் உளர்.

இந்தோனேசியாவில் அரசாங்கம் மருந்துக்கு மானியம் கொடுத்து வந்த காலத்தில், ஜாவாத் தீவில் புகையான் பெருஞ்சேதம் விளைத்தது. 1986-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வரசாங்கம் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு உபயோகிப்பதைத் தடுத்தது. மானியமும் சில ஆண்டுகளிற் படிப்படியாக நிறுத்தப்பட்டது. வயலிலுள்ள நன்மை செய்யும் பூச்சிகளை இனங்கண்டுகொள்ள விவசாயிகளுக்கு வயலிலேயே பயிற்சி அளிக்கப்பட்டது. நெல் விளைவு இதனாற் குறையவில்லை.

கவனிக்க வேண்டுவன

பூச்சிமருந்துப் புட்டிகளின்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களில் விஷத்தின் அளவு குறிக்கப்பட்டிருக்கின்றது. இக்குறி, உட்கொண்டவரை அது எவ்வளவு சிறிய அளவிற் கொல்லும் என்பதை மட்டுமே காட்டும். எவ்வளவு காலம் நிலைக்கும், சங்கிலியில் எவ்வாறு ஏறும் என்பவற்றைக் காட்டாது. கிளியர் ஏரியில் இட்ட மருந்து உடனே கொல்லும் தன்மையிற் குறைந்ததே. ஆகவே பச்சைக்குறி கண்டவுடன் குளத்திலும் வாய்க்காலிலும் தாராளமாகக் கலக்கலாமென்று கருதுதல் தவறு. நிற்கக்கூடிய மருந்தா, கரைந்து போகக்கூடியதா என்பதை வேளாண்மை அலுவலரிடம் விசாரித்தே வாங்குதல் வேண்டும்.

மருந்து தெளித்த வயலின் நீரைக் குறித்த நாட்கள் வரை மடை திறந்து விடலாகாது. தெளிப்பான்களையும் காலிப் புட்டிகளையும் ஏரியிற் கழுவுவதைக் கிராம அதிகாரிகள் கண்டிப்பாகத் தடுத்தல் வேண்டும். ஏரியின் மீன்பாசியை ஏலம் எடுத்தவருக்கும், அம்மீனை வாங்கி உண்ணும் ஊராருக்கும் அது நேரான நஷ்டம். புட்டியின்மேற் குறித்த கெடு முடியுமுன் அவ்வயலின் தாளையோ வரப்புப் புல்லையோ கறவை மாட்டுக்குப் போடலாகாது. மீனோ பறவையோ திரளாக இறந்து கிடந்தால், தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது போதாது. மேலே கூறியபடி தண்ணீர் சுத்தமாகவே தோன்றக்கூடும். இறந்த பிராணியின் உடலையும் கெடாமல் வைத்துக் கால்நடைத் துறையினருக்கும் வனத்துறையினருக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

எலிகளுக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைத்தலும், கோடையில் வளைகளை வெட்டிப் பிடித்தலும், வரப்பை அகலமின்றிச் சிறுக அமைத்தலும் விஷமில்லாத வழிகள். மருந்து வைத்தே தீரவேண்டுமெனின், வளைக்குள் வைத்து, மறுநாள் முதல் ஒரு வாரம் வரை நாள்தோறும் வயலைச் சுற்றி வந்து, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைத்தல் அவசியம். தென்னை மட்டைகளைத் தலைகீழாக வயலில் ஆங்காங்கு நட்டுவைத்தால் கூகைகள் இரவில் அவற்றின்மேல் வந்தமர்ந்து எலி பிடிக்கும். கதிர் முற்றும் பருவத்தில் தானியந்தின்னும் பறவைகளும் அவற்றை நாடக்கூடுமாதலின், அப்போது மட்டைகளைப் பிடுங்கிவிட்டு, அறுவடை முடிந்தபின் உளுந்து விதைக்கும்போது மறுபடியும் நடலாம்.